உப்புக்காற்றுக்குத் தாங்கும் அலுமினிய டிரெய்லர்: எங்கே வெல்டு, எங்கே போல்ட்

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மீன்பெட்டியும் ஐஸும் ஏற்றும் இரும்பு டிரெய்லர் சீக்கிரமே துரு தின்று போகும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரும்புக்கு வெல்டு வைக்கிற பழக்கத்திலேயே அலுமினியத்துக்கும் வைத்தால் வண்டி முறியும். 6061-டி6 என்ற பலமான அலுமினியக் கலவைக் குழாயை வெல்டு செய்ததும், வெல்டை ஒட்டிய ஓர் அங்குலத்துக்கு அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே சட்டத்தைக் கோர்க்க வெல்டு, பாரம் இழுக்கும் இடத்தில் போல்ட்.

இங்கே சொல்வது 1800 × 1200 மி.மீ. தளம், 250 கிலோ பாரம். தோட்டத்துக்குள்ளோ கடற்கரையிலோ பவர் டில்லரோ மினி டிராக்டரோ மெதுவாக இழுப்பதற்கு. பொதுச் சாலைக்கு என்றால் பதிவு வேண்டும். அதை முதலில் விசாரித்துவிடுங்கள்.

குழாய் எல்லாம் ஒரே அளவு: 75 × 50 மி.மீ., கனம் 4 மி.மீ. நீளவாட்டில் 1800-ல் இரண்டு, குறுக்கே 1100-ல் ஐந்து, முன்னால் இழுவைக் கைக்கு 1600-ல் இரண்டு. மொத்தம் 12.3 மீட்டர், எடை 31 கிலோ. இதே அளவு இரும்பில் 90 கிலோ வரும். ஜன்னல் செக்ஷன் விற்கும் கடையில் பெரும்பாலும் 6063 கிடைக்கும். அது பலம் குறைந்த கலவை, 6061-டி6 என்றே கேட்டு வாங்குங்கள்.

மிஷின் ஏசி மின்சாரத்தில் ஓடும் டிக் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்டு வெல்டு வைப்பது) ஆக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் டிசி மட்டும் உள்ளது இதற்கு உதவாது. சுத்த ஆர்கான் நிமிடத்துக்கு 10–12 லிட்டர், 2.4 மி.மீ. டங்ஸ்டன் முனை, மூட்டை நிரப்ப 5356 அலுமினிய ராடு, 140–160 ஆம்ப். வீட்டு 15 ஆம்ப் பிளக் இதைத் தாங்காது. தனி லைன் இழுங்கள்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலே படிந்த ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் முதலில் அசிட்டோன் துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷால் ஆக்சைடைத் தேய்த்தெடுங்கள். வரிசை மாறினால் பிசுக்கை உள்ளே தேய்த்து விடுவீர்கள். இரும்பைத் தொட்ட பிரஷ் கூடவே கூடாது. குளோரின் கலந்த டிகிரீசர் பக்கமே போகாதீர்கள். வெல்டிங் வெளிச்சத்தில் அது நச்சு வாயு ஆகும்.

சட்டத்தைத் தரையில் பரப்பி, மூலைக்கு மூலை இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை தட்டி நேராக்கி, எல்லா மூட்டுக்கும் டேக் (அசையாமல் பிடிக்கும் சிறு வெல்டுப் பொட்டு) வையுங்கள். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும், அதனால் ஒரு மூட்டு இங்கே என்றால் அடுத்தது எதிர்ப்பக்கம். குறுக்குக் குழாயின் நிற்கும் பக்கங்களை மட்டும் வெல்டு செய்தால் போதும். நீளக் குழாயின் மேல், கீழ் முகங்களைத் தொடாதீர்கள், வளைவு விசை முழுக்க அங்கேதான்.

உலோகம் சிவக்காது. சட்டென்று கண்ணாடி ஈரம்போல ஒரு பளபளப்பு வரும், அப்போது ராடைத் தொடுங்கள். ஒரு நொடி தாமதித்தால் ஓட்டை. முடிக்கும்போது ஆர்க்கைத் திடீரென வெட்டினால் குழியில் நட்சத்திரம்போல் விரிசல் விழும். ஆம்பைக் குறைத்துக்கொண்டே ஒரு சொட்டு கூடுதலாக நிரப்புங்கள். வெல்டில் கருப்புப் புள்ளிகள், துளைகள் வந்தால் ஈரமோ காற்றோ காரணம். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடிக்காற்றில் ஆர்கான் நிற்காது, தார்ப்பாய் மறைப்புக் கட்டுங்கள். ஐப்பசி மழையில் ராடை மூடிய டப்பாவில் வையுங்கள்.

இழுவைக் கைகள் இரண்டையும் சட்டத்துக்கு அடியில் வி வடிவில் விட்டு, முதல், இரண்டாம் குறுக்குக் குழாய்களோடு 12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் பிணையுங்கள். ஒரு மீட்டர் வெளியே நீட்டி நிற்கட்டும். போல்ட் போகும் துளைக்குள் குழாய்த்துண்டு ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் முறுக்கும்போது சுவர் நசுங்கும். வெல்டு வைத்து முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முனைக் கொக்கித் தகடும் போல்ட்தான்.

இரும்பு அச்சு முன் விளிம்பிலிருந்து 1120 மி.மீ.யில் வந்தால், சீராக ஏற்றிய பாரத்தில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் விழும். பின்னால் கனத்தால் வண்டி ஆடும். ஸ்பிரிங் தாங்கியையும் போல்ட்டால் பிடியுங்கள். இரும்பு, அலுமினியம் சேருமிடத்தில் ரப்பர் ஷீட், நைலான் வாஷர் கட்டாயம். உப்பு நீர் நடுவே நின்றால் அலுமினியம்தான் அரித்துப்போகும். 3 மி.மீ. செக்கர்டு (வழுக்காமல் மேடு வைத்த) தகட்டுத் தளத்தை வெல்டு செய்தால் நெளியும், 4.8 மி.மீ. அலுமினிய ரிவெட் 150 மி.மீ.க்கு ஒன்று போதும்.

பத்துச் சுமை ஏற்றியதும் போல்ட்களை மறுபடி இறுக்கி, மூட்டுகளைப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் மேலேயே வெல்டு பூசாதீர்கள். அந்தத் துண்டை மாற்றுங்கள், அல்லது இருபுறமும் 6 மி.மீ. தகடு வைத்துப் போல்ட் போடுங்கள்.