கடைசி வரிசையில் நில்லுங்கள்

ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் நூற்றுக்கணக்கானவர்களில் கோப்பை வாங்கப்போவது ஒரு கை விரலுக்குள் அடங்கும் ஆட்கள்தான். மற்றவர்கள் காசு கட்டி, குளிரில் எழுந்து, மூச்சிரைக்க ஓடுவதற்குச் சந்தோஷத்தைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. அந்தச் சந்தோஷத்தைத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே தொலைக்கிறார்கள். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நீலகிரியில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டங்களில் என்னைக் கூட்டத்தின் வால் பகுதியில் பார்க்கலாம். வேகமாக ஓட வழி கேட்பவர்களுக்கு என்னிடம் சரக்கு இல்லை. ரசித்து ஓட நினைப்பவர்கள் மேலே படிக்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது நேர வரம்பு. பத்து கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கிறார்கள் என்றால் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம். மேட்டில் நடந்து, சமதளத்தில் மெல்ல ஓடினாலே முடித்துவிடலாம். நடுவில் நின்று நாலு படமும் எடுக்கலாம். ஒன்றரை மணி நேரம் என்றால் ஒன்பது நிமிடம்தான். அதிலும் முடிக்கலாம், ஆனால் பின்னால் வரும் வண்டி நம்மை ஏற்றிக்கொள்ளுமோ என்ற பயத்திலேயே பாதி வழி போய்விடும். அந்த மாதிரி ஓட்டத்துக்கு நான் பெயர் கொடுப்பதில்லை.

மாதத்தையும் கவனியுங்கள். தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டிப் பக்கம் அடித்துப் பெய்யும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை; அக்டோபர், நவம்பரில் இந்தப் பக்கம் குடை இல்லாமல் வாசல் தாண்ட முடியாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச்தான் ஓட ஏற்ற காலம்.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே வந்து தங்குங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் ஓடும் வேகத்தை இங்கே எதிர்பார்த்தால் உடம்பு ஒத்துழைக்காது. அது உடம்பின் குற்றமும் அல்ல. சொந்தக் காரில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும்; 2024 மே முதல் இந்த நடைமுறை இருக்கிறது. பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். அப்படியே இரண்டு கடலை மிட்டாயும். கடைசியில் வருகிறவர்கள் போய்ச் சேரும்போது வழியில் வைத்திருக்கும் வாழைப்பழத் தட்டு பெரும்பாலும் காலியாகியிருக்கும்.

இனி ஓட்டம். பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நில்லுங்கள். எண் அட்டையில் சிப் இருக்கும் ஓட்டங்களில், தொடக்கக் கோட்டை நாம் தாண்டும் நொடியிலிருந்துதான் நம் நேரம் பதிவாகும். ஆகவே பின்னால் நிற்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. முன்னால் நின்றால்தான் வேகக்காரர்களின் முழங்கை இடிக்கும், அவர்களோடு சேர்ந்து நாமும் தலைதெறிக்க ஓடத் தொடங்குவோம்.

வேகத்தை அளக்க எனக்குக் கடிகாரம் தேவையில்லை, நாத்தனார் போதும். அவளோடு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணக் கதையைத் தொடங்கிவிடுவேன். "அண்ணி, அந்த மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்றால்…" என்று ஆரம்பித்த வாக்கியத்தை அவள் மூச்சு வாங்காமல் முடிக்க வேண்டும். நடுவில் அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். கதை முடியும்வரை வேகத்தைக் குறைப்போம். தனியாக வருகிறவர்கள் மனப்பாடமாகத் தெரிந்த குறள் ஒன்றைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாம். சுற்றிலும் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்; பார்க்கட்டும்.

மேடு வந்தால் அடிவாரத்திலேயே நடக்கத் தொடங்குங்கள். மூச்சு முட்டிய பிறகு நடப்பது தண்டனை மாதிரி இருக்கும், முன்னதாகவே நடந்தால் அது உலா. கண்ணும் மூக்கும் அப்போதுதான் வேலை செய்யும். கவாத்து செய்த தேயிலைச் செடியின் தட்டையான தலையில் சிலந்தி வலைகள் பனித்துளியோடு விரிந்திருக்கும். வெயில் ஏறிவிட்டால் அவை கண்ணுக்குத் தெரியாது. காற்று நம் பக்கம் அடித்தால், அருகிலுள்ள தொழிற்சாலையில் என்ன வேலை நடக்கிறது என்பதை மூக்கே சொல்லிவிடும்: கொழுந்து வாடும்போது பச்சை வாசனை, உலர்த்தும்போது லேசான வறுத்த வாசனை. இத்தனை வருடம் கணக்குப் புத்தகத்தில் கிலோ கிலோவாக எழுதிய தேயிலையை நான் ஒழுங்காகப் பார்த்ததே இந்த மேடுகளில்தான்.

இறக்கத்தில் குஷியாகப் பாய்ந்து இறங்காதீர்கள். இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகின்றன. வலி உடனே தெரியாது, மறுநாளோ அதற்கு மறுநாளோ வட்டியோடு வரும். அடியைச் சின்னதாக வையுங்கள்.

சாலையில் காட்டுமாடு நின்றால் நாமும் நிற்க வேண்டும். இந்தப் பக்கம் அது அபூர்வமல்ல. கத்துவது, சுற்றிக்கொண்டு ஓடுவது, அருகில் போய்ப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம். தூரத்தில் நின்று, அது போன பிறகு போகலாம். நேரம் போகிறதே என்று பதறாமல் நிற்கக்கூடியவர்கள் நாம்தான்.

மெதுவாகப் போகிறவர்களும் மற்றவர்களுக்கு மரியாதை காட்ட வேண்டும். நாலு பேர் கைகோத்துச் சாலையை அடைக்கக் கூடாது. படம் எடுக்க வேண்டுமென்றால் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரம் ஒதுங்குங்கள். குளிரில் தண்ணீர் நீட்டும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

முடித்ததும் என் அண்ணன் மகன் கோவையிலிருந்து போன் செய்வான்: "அத்தை, எவ்வளவு நேரம்?" அவனுக்கு நான் சொல்லும் கதை ஜப்பான்காரர் ஷிசோ கனாகுரியுடையது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் தாங்காமல், வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் ஒதுங்கி, அவர்கள் கொடுத்த பானத்தைக் குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். 1967இல் ஸ்வீடன்காரர்கள் அவரை மறுபடி அழைத்து ஓட்டத்தை முடிக்க வைத்தார்கள். அவர் நேரம் 54 ஆண்டு, 8 மாதம், சில்லறை. அதைவிட நான் வேகம்தான் என்பேன்.

ஈர உடையை உடனே மாற்றிவிடுங்கள். வியர்வை குளிர்ந்தால் நடுக்கம் பிடித்துக்கொள்ளும். பிறகு சூடாகத் தேநீர், தொட்டுக்கொள்ள வர்க்கி. அடுத்த இரண்டு நாள் மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குங்கள், சிறிது தூரம் நடங்கள். முழங்கால் வீங்கினால் மட்டும் கை வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.