கொழிஞ்சாம்பாறை கிணறும் மோட்ஃப்ளோவும் – என் அனுபவம்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் உள்ள மாமாவின் தென்னந்தோப்புக் கிணற்றை, நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மோட்ஃப்ளோ 6 மென்பொருளில் மாடல் செய்தேன். அது நிலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடும். ஓடி முடித்ததும் கிணறு இருந்த கட்டத்தில் நீர்மட்டம் மைனஸ் ஒன்று, அதன் பின்னால் முப்பது சைபர்! கட்டம் வறண்டுவிட்டது என்பதற்கான குறி அது. எட்டிப் பார்த்த மாமா, "ஏன் மாப்ளே, கெணத்துல தண்ணி கெடக்குதே, உன்ற பொட்டியில மட்டும் எப்படி வத்துச்சு?" என்றார்.

இரண்டு நாள் பம்பிங் அளவையே சந்தேகப்பட்டேன். தப்பு வேறு இடத்தில். பாறையின் நீர் கடத்தும் திறனை நொடிக்கு மீட்டரில் 0.00001 என்று போட்டிருந்தேன். மற்றதெல்லாம் நாள் கணக்கு. மோட்ஃப்ளோ அலகை மாற்றித் தராது, கொடுத்த எண்ணை அப்படியே விழுங்கும். 86,400-ஆல் பெருக்கினால் நாளுக்கு 0.864 மீட்டர். மாடலில் மழைக்காலக் கணக்கு சரியானது.

கோடை மாதங்களில் மட்டும் கட்டம் மறுபடி வறண்டது. வறண்ட கட்டம் கணக்கிலிருந்தே கழன்றுவிடும், கூடவே பம்பும். மோட்ஃப்ளோவிலேயே இருக்கும் 'நியூட்டன்' என்ற மாற்றுக் கணக்கு முறையை இயக்கினேன். அதில் கட்டம் கழலாது. ஆனால் சமன்பாட்டு அணி (சமன்பாடுகளின் எண் அட்டவணை) சமச்சீரை இழக்கும் என்பதால், சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரை, சமச்சீர் அணிக்கு மட்டுமே பொருந்தும் சிஜி-யிலிருந்து சமச்சீரற்றதையும் தீர்க்கும் பைசிஜிஸ்டாப்புக்கு மாற்ற வேண்டும். கிணற்றுக்கு 'ஆட்டோ ஃப்ளோ ரெட்யூஸ்' என்ற விருப்பத்தைக் கொடுத்தேன்: நீர்மட்டம் கட்டத்தின் அடியை நெருங்கினால் இறைப்பு தானாகக் குறையும்.

ஏப்ரலில் நான் கேட்ட அளவு தண்ணீரை மாடல் தரவில்லை. மாமாவிடம் காட்டினேன்.

"அதான் அப்போ மோட்டார் காத்து இழுக்குமே," என்றார்.