பழைய சூப்பர்பாய் காமிக்ஸை நம் ஊர் ஈரத்தில் கெடுத்துவிடாதீர்கள்

அமெரிக்க காமிக்ஸ் நாயகனான பழைய சூப்பர்பாயை சூப்பர்மேனின் மகன் என்று நினைப்பது முதல் தவறு. அவன் சூப்பர்மேனேதான், ஸ்மால்வில் என்ற சிற்றூரில் வளரும் சிறுவனாக. 1945 தேதியிட்ட மோர் ஃபன் காமிக்ஸ் 101ஆம் இதழில் அறிமுகமானான். தனி இதழ் 1949இல் வந்தது. மகன் வருவது பிற்காலக் கதைகளில், அது வேறு. முதல் இதழிலிருந்து வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றும் காத்திருக்காதீர்கள். அந்தக் காலக் கதைகள் பெரும்பாலும் தனித்தனியாகவே முடிந்துவிடும். பறக்கும் நாய் கிரிப்டோ வரும் ஒரு கதை கையில் கிடைத்தால் போதும், அங்கேயே தொடங்கலாம்.

படிப்பதை விட வைத்திருப்பதில்தான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் அதிகம் இழக்கிறோம். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. ஆனி, ஆடிச் சாரலில் ஏறிய ஈரம் முழுதாகக் காயுமுன் ஐப்பசி வந்துவிடும். அந்த இதழ்களோ மலிவான செய்தித்தாள் காகிதம். மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும், காகிதம் அமிலமேறி நொறுங்கும். அதனால் ஈரம் போகட்டும் என்று வெயிலில் விரிப்பது பெரிய கேடு, வண்ணமும் வெளுக்கும். நிழலில், மின்விசிறிக் காற்றே போதும்.

ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டுவது அதைவிட மோசம். உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். தை, மாசியில் நன்றாகக் காய்ந்த பிறகு உறையிடுங்கள். மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது நல்லது. கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், ஆனால் வைத்ததோடு மறந்துவிடக் கூடாது. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் அது ஈரத்தைக் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சூடாக்கி உலர்த்தித்தான் மறுபடி வைக்க வேண்டும்.

குளச்சல், முட்டம் போல கடலோர வீடுகளில் உப்புக்காற்று இதழின் நடுவில் குத்தியிருக்கும் கம்பிப் பின்னைத் துருப்பிடிக்க வைக்கும், துரு காகிதத்தைத் தின்னும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும், ஓட்டு வீட்டின் பரணும் வேண்டாம். கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அவை பிடித்த இடங்கள்.

கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை நாளடைவில் பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. லேமினேஷனும் அப்படித்தான். கிழிசலைத் தொடாமல், அமிலமில்லாத அட்டையைப் பின்னால் வைத்து உறையில் போடுங்கள்.

பூஞ்சணம் பிடித்துவிட்டதா? ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். அந்த இதழை மற்றவற்றிலிருந்து பிரித்து, முழுதாகக் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் மெதுவாகத் தட்டிவிடுங்கள்.