மலையகக் குளிரில் ஹம்ஸ்டர் குட்டி: வாங்குவது முதல் கைக்குப் பழகும் வரை

எலி இனத்துச் சிறு செல்லப்பிராணியான ஹம்ஸ்டரைக் கொழும்பில் வளர்ப்பவருக்குத் தலைவலி சூடு. நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் இருக்கிற நமக்கு அது குளிரும் ஈரமும்தான். ஹம்ஸ்டருக்கு 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரை இருந்தால் சுகம். நம் பக்கத்து ஜனவரி இரவுகள் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. அதனால் கூடு எது, தீனி எது என்பதோடு, எந்த மூலையில் வைப்பது என்பதையும் குட்டி வருவதற்கு முன்னரே முடிவு செய்துவிட வேண்டும்.

படி 1: குட்டியைத் தெரிவு செய்வது

கடைகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு மாதிரி. வளர்ந்தால் 15 செ.மீ. அளவுக்கு வரும் சிரிய ஹம்ஸ்டர் ஒன்று, 10 செ.மீ.கூடத் தாண்டாத குள்ள வகைகள் மற்றது. முதல்முறை வளர்ப்பவர் என்றால் சிரிய வகையையே எடுங்கள். குள்ள வகை பார்க்க அழகுதான், ஆனால் வேகம் அதிகம், சின்னப் பிள்ளைகள் கையிலிருந்து நழுவி அலுமாரிக்கு அடியில் போய்விட்டால் அப்புறம் முழு வீட்டையும் கிளற வேண்டும்.

1930இல் சிரியாவின் அலெப்போ நகருக்குப் பக்கத்தில் வயல் மண்ணைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் பிடித்தார்கள். இன்று வீடுகளில் வளரும் சிரிய ஹம்ஸ்டர்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரே குடும்பத்தின் வாரிசுகள். காட்டில் இது அரை மீற்றருக்கும் ஆழமாக வளை தோண்டி, காய்ந்த மண்ணுக்குள், தன்னந்தனியாக வாழும். கீழே நான் சொல்லும் பாதி விடயத்துக்குக் காரணம் இதுதான்.

குட்டி தாய்ப்பால் மறந்திருக்க வேண்டும், ஐந்து முதல் எட்டு வாரம் வரையான வயது நல்லது. மாலையில் போய்ப் பாருங்கள், பகலில் எல்லாமே தூங்கும், நோயாளியும் சுகமானதும் ஒரே மாதிரித்தான் தெரியும். கண் பளிச்சென்று இருக்கிறதா, மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா, வால் பக்கம் காய்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கூட்டில் ஒன்றுக்குப் பின்பக்கம் ஈரமாக இருந்தாலும் அந்தக் கூட்டிலிருந்து எதையும் வாங்க வேண்டாம்.

"ஜோடியா எடுங்க, தனியா இருந்தா ஏங்கிப்போகும்" என்று கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். சிரிய ஹம்ஸ்டர் வளர்ந்தபின் இன்னொன்றைத் தன் இடத்தில் விடாது, இரண்டில் ஒன்று சாகும்வரைகூடச் சண்டை போகும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் வேறு கதை: சினைக் காலம் வெறும் 16 நாள்தான், ஒரு மாதத்துக்குள் வீட்டில் எட்டுப் பத்துக் குட்டிகளை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று அலைய வேண்டியிருக்கும்.

படி 2: குட்டி வரும் முன் கூடு தயாராக வேண்டும்

கலர் கலராகக் குழாய் வைத்த சின்னக் கூடுகளைப் பார்த்து மயங்க வேண்டாம். தரைப்பரப்பு 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் இருந்தால் நல்லது. இந்த அளவில் கூடு வாங்கப் போனால் விலை கண்ணைக் கட்டும், ஆகவே தண்ணீர் கசிவதால் யாரோ ஒதுக்கி வைத்த பழைய மீன் தொட்டியோ, துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியோ போதும், மேலே கம்பி வலை அடித்து மூட வேண்டும். பிளாஸ்டிக் மூடியில் நாலு ஓட்டை போட்டு மூடினால் நம் காலநிலைக்கு உள்ளே வியர்த்து ஈரம் தங்கிவிடும். கம்பிக் கூடு என்றால் கம்பிகளுக்கு இடையில் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது, குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

உள்ளே படுக்கை. இதில் கஞ்சத்தனம் வேண்டாம், குறைந்தது 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள், அது வளை தோண்டுவதும் இரவுக் குளிரைத் தாங்குவதும் இதற்குள்தான். அச்சு மை இல்லாத கடதாசியைக் கிழித்துப் போடலாம், வாசனை சேர்க்காத டொய்லட் ரோலைக் கிழித்தால் கூடு கட்ட அதற்கு மிகவும் பிடிக்கும். தச்சுப் பட்டறையில் மரச்சீவல் சும்மா கிடைக்கும்தான், ஆனால் நம் மலைகளில் அறுக்கிற மரத்தில் பைனஸும் டர்பன்டைனும் நிறைய. அந்த மரங்களின் எண்ணெய் வாசனை ஹம்ஸ்டரின் மூச்சுக்குழாய்க்கு ஆகாது, எந்த மரத்தின் சீவல் என்று தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். தலையணைப் பஞ்சும் வேண்டாம், நூல் காலில் சுற்றி இறுக்கும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

ஓடுவதற்குச் சக்கரம் கட்டாயம். சிரிய வகைக்கு 28 செ.மீ. விட்டம் இருந்தால் நல்லது, குள்ள வகைக்கு 20 போதும். கம்பிக் கம்பியாக இருக்கும் சக்கரத்தில் கால் மாட்டும், ஓடும் பகுதி இடைவெளி இல்லாமல் முழுத் தகடாக இருக்கட்டும். ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் சின்னது என்று அர்த்தம்.

ஒளிந்துகொள்ள ஒரு சிறிய மரப்பெட்டி, தண்ணீர்ப் போத்தல், கடித்துப் பல் தேய்க்க மருந்து அடிக்காத கொய்யா அல்லது பியர்ஸ் மரக் குச்சி. முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கடிக்க எதுவும் இல்லாவிட்டால் வாய்க்குள் திரும்பி வளர்ந்து சாப்பிட முடியாமல் போகும். அந்தப் பற்கள் மஞ்சளாகத்தான் இருக்கும், அது நோய் இல்லை. ஒரு கிண்ணத்தில் மணல் வையுங்கள், ஆற்று மணலை அரித்து, கழுவி, சட்டியில் வறுத்து, நன்றாக ஆறவிட்டு. அதுதான் அதன் குளியல். தண்ணீரில் குளிப்பாட்டுவது இந்தக் குளிரில் அதைக் கொல்வதற்குச் சமம்.

படி 3: கூட்டை வைக்கும் இடம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம், ஹட்டனும் பண்டாரவளையும் 1,200க்குச் சற்று மேல், பதுளை 700க்கும் கீழே. எல்லாம் மலையகம்தான், ஆனால் பதுளையில் சாதாரண அறையில் வைத்தாலே போதும், நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்து பனியில் கருகும் நாட்களில் அதே கூடு ஆபத்து. ஒரு சாதாரண அறை வெப்பமானியை வாங்கிக் கூட்டின் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள், நமக்குக் குளிர்வதை வைத்து அனுமானிக்க வேண்டாம்.

சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். ஜன்னலுக்குக் கீழேயும் வேண்டாம். தகரக் கூரை வீடு என்றால் விடியற்காலையில் கூரை வியர்த்துச் சொட்டும் இடம் எது என்று உங்களுக்கே தெரியும், அந்த வரிசையை விட்டுத் தள்ளி, வெளிச்சுவரைத் தொடாமல், உள்சுவர்ப் பக்கமாக ஒரு மேசையில் வையுங்கள். சூடாக இருக்கிறதே என்று குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் உண்டு. விறகுப் புகை, நுளம்புச் சுருள், சாம்பிராணி மூன்றும் இதன் நுரையீரலுக்கு விஷம் மாதிரி. லயத்து வீட்டில் அறைகள் குறைவுதான், என்றாலும் புகை வராத மூலையைத்தான் தேட வேண்டும்.

எறும்பு வராமலிருக்க மேசையின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய பால் பேணிகளில் இறக்கிவிடுங்கள். பூனை மட்டுமல்ல, வீட்டு எலியும் எதிரிதான். எலிக்காய்ச்சல் பரப்பும் எலி மூத்திரம் கூட்டில் படக்கூடாது, அதனால் தீனியை மூடி இறுகிய தகரத்தில் போட்டு, சிந்தியதை இரவே கூட்டிவிடுங்கள்.

இரவில் கூட்டின் மூன்று பக்கத்தையும் பழைய கம்பளியால் மூடி, முன்பக்கத்தை மட்டும் காற்றுக்காக விடுங்கள். இன்னும் குளிர்ந்தால், போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, காலுறைக்குள் போட்டு, கூட்டுக்கு வெளியே ஒரு பக்கமாக ஒட்டி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும்தான், சூடு கூடினால் அது மற்றப் பக்கம் போகட்டும். உள்ளே மின்குமிழ் தொங்கவிடுவது வேண்டாம், வயரைக் கடிக்கும், கரண்ட் போனால் திடீரென்று குளிரும்.

கட்டை மாதிரிக் கிடந்தால்

10 பாகைக்குக் கீழே இறங்க இறங்க ஹம்ஸ்டர் உடம்பை அணைத்துப்போட்டுக் குளிர் உறக்கத்துக்குப் போகலாம், 5ஐ நெருங்கினால் வாய்ப்பு இன்னும் அதிகம். தீனி குறைவாக இருந்தாலும் இது சீக்கிரம் நடக்கும். உடம்பு ஜில்லென்று இருக்கும், மூச்சு நிமிடத்துக்கு ஒன்றிரண்டுதான், தூக்கினால் எழும்பாது. செத்த உடம்பு சில மணி நேரத்தில் விறைத்துப் போகும், உறக்கத்தில் இருப்பது பெரும்பாலும் தளர்வாக இருக்கும், உற்றுப் பார்த்தால் மீசை எப்போதாவது அசையும். சந்தேகமாக இருந்தால் உயிர் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை பாருங்கள்.

இரண்டு கைக்குள் பொத்திவைத்து உடம்புச் சூட்டைக் கொடுங்கள், மெல்லிய துணியால் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம். அரை மணி, ஒரு மணி நேரம் எடுக்கும், அவசரப்படாதீர்கள். அடுப்பருகில் பிடிப்பதும் சுடுதண்ணீரில் வைப்பதும் கூடவே கூடாது. முழுதாக விழித்து நிற்கும்வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், விழித்தபின் தண்ணீரும் கொஞ்சம் தீனியும் கொடுத்து, அன்றே மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

படி 4: முதல் வாரம்

கண்டியிலிருந்து றம்பொடை வளைவு எல்லாம் சுற்றி பஸ்ஸில் வந்த குட்டி எப்படிக் குலுங்கியிருக்கும் என்று யோசியுங்கள். வரும்போது காற்றோட்டமான சிறு பெட்டி, உள்ளே கடையில் அது படுத்திருந்த படுக்கையில் ஒரு பிடி, தாகத்துக்கு வெள்ளரித் துண்டு. போத்தல் வைத்தால் வழியெல்லாம் ஒழுகி நனைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பழைய படுக்கையையும் புதுக் கூட்டில் போடுங்கள், தெரிந்த மணம் இருந்தால் பயம் குறையும்.

அப்புறம் சும்மா விடுங்கள். மூன்று நாளைக்குத் தண்ணீர், தீனி மாற்றுவதைத் தவிர கை உள்ளே போகக் கூடாது. பிள்ளைகளைச் சமாளிப்பதுதான் கஷ்டம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து வந்து நிற்பார்கள், "இப்ப அது தூங்குது, ராவைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுங்கள். கோயில் திருவிழா, தீபாவளி பார்த்து வாங்காதீர்கள், ஒலிபெருக்கியும் பட்டாசும் புதுக் குட்டிக்கு ஆகாது.

நான்காம் நாளிலிருந்து மாலையில், அது தானாக எழும்பியபின், கூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுங்கள். வாசனை குறைந்த சவர்க்காரத்தால் கையைக் கழுவிவிட்டு (கருவாட்டுக் கையை நீட்டினால் கடிக்கத்தான் செய்யும்) உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதையோடு கூட்டின் தரையில் வைத்து அசையாமல் இருங்கள். முதலில் மணந்துவிட்டு ஓடும். இன்னொரு நாள் விதையைப் பறித்துக்கொண்டு ஓடும். பிறகு கையிலேயே உட்கார்ந்து கன்னப் பைக்குள் திணிக்கும், அந்தக் கட்டம் வந்தபிறகுதான் இரண்டு கையையும் கிண்ணமாகக் குவித்துக் கீழிருந்து தூக்க வேண்டும். மேலிருந்து பிடித்தால் பருந்து வந்ததாக நினைத்துக்கொள்ளும். தரையில் உட்கார்ந்துகொண்டு தூக்குங்கள், பார்வை மந்தமான பிராணி, உயரம் தெரியாமல் குதித்து எலும்பு உடைத்துக்கொள்ளும். சில குட்டிகளுக்கு ஒரு வாரம், சிலவற்றுக்கு ஒரு மாதம்.

படி 5: தீனி

ஹம்ஸ்டருக்கென்று விற்கும் தானியக் கலவை அல்லது உருண்டைத் தீனி, சிரிய வகைக்கு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி, குள்ள வகைக்கு ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் மேல். கிண்ணம் காலியாக இருந்தால் பசி என்று நினைத்து மறுபடி நிரப்பாதீர்கள், பெரும்பாலும் வளைக்குள் ஒளித்து வைத்திருக்கும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் அவித்த முட்டையின் வெள்ளைக் கருவில் சிறு துண்டு, வளரும் குட்டிக்குப் புரதம் வேண்டும்.

காய்கறி விளையும் ஊரில் இருப்பது வசதிதான், ஆனால் எல்லாம் கொடுக்க முடியாது. லீக்ஸ் கூடவே கூடாது, அது வெங்காயக் குடும்பம், வெங்காயமும் பூண்டும் அப்படியே. பச்சை உருளைக்கிழங்கு, முளைவிட்ட கிழங்கு, தக்காளி இலை, தோடம்பழம், எலுமிச்சை, சொக்லேட் எதுவும் வேண்டாம். கரட், புரொக்கோலி, வெள்ளரி கொடுக்கலாம், விரல் நக அளவு. தோட்டத்தில் மருந்து எப்போது அடித்தார்கள் என்று தெரியாத காயை நன்றாகக் கழுவித் துடைத்துக் கொடுங்கள். கடையிலிருந்து வந்த முதல் வாரத்தில் பச்சைக் காயே வேண்டாம், வழியில் கொடுத்த வெள்ளரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 6: சுத்தம், மழைக்காலம்

மூத்திரம் போகும் மூலையை மட்டும் தினமும் எடுங்கள். முழுப் படுக்கையையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள், பழையதில் பாதியைத் திரும்பப் போட வேண்டும், இல்லாவிட்டால் தன் மணம் காணாமல் பதறும். மே மாதம் தொடங்கி ஹட்டன், மஸ்கெலியா பக்கம் விடாமல் பெய்கிற மழையில் சுவரில் பூஞ்சணம் வரும், வளைக்குள் அது ஒளித்த கரட்டிலும் வரும். அந்த மாதங்களில் ஒளித்த தீனியை அடிக்கடி கிளறிப் பாருங்கள், நனைந்த துணி காயப்போடும் அறையில் கூடு வேண்டாம்.

படி 7: நோய்

குட்டிக்கு மிக ஆபத்து வயிற்றுப்போக்கு. தாயிடமிருந்து பிரித்து, இடம் மாறி, பயந்திருக்கும் இந்த வயதில்தான் அது வரும்: வால் பக்கம் ஈரம், நாற்றம், முதுகு கூனிய தோற்றம், சாப்பாட்டில் வெறுப்பு. இரண்டு மூன்று நாளில், சில நேரம் அதற்கும் முன்பே, உயிர் போய்விடும். நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள். மூச்சில் கிளிக் கிளிக் சத்தம் வந்தாலும் அதேதான்.

வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தைக் கொடுக்கவே வேண்டாம். நமக்குச் சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் அமொக்சிசிலின், பென்சிலின் வகைகள் ஹம்ஸ்டரின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து அதையே கொன்றுவிடும். டவுனில் இருக்கும் அரச மிருக வைத்தியர்கள் அதிகம் பார்ப்பது மாடும் ஆடும் நாயும், ஆகவே குட்டி வாங்கும் முன்பே போய் "ஹம்ஸ்டர் பாப்பீங்களா" என்று கேட்டு வையுங்கள். பார்க்கமாட்டோம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலைக்குப் போகலாம், கொண்டுபோகும்போது சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே வைக்க மறக்காதீர்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதென்றால் ஒரு இரவுக்குப் பிரச்சினை இல்லை, போத்தல் ஒன்று அடைத்துக்கொண்டாலும் தாங்கும்படி இரண்டு தண்ணீர்ப் போத்தல் வையுங்கள். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுங்கள், கூடவே எவ்வளவு தீனி, இரவில் கம்பளியை எந்தப் பக்கம் மூடுவது என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிலேயே ஒட்டிவிடுங்கள், வாயால் சொன்னால் பாசத்தில் தினமும் ஒரு முழுக் கரட்டைப் போட்டுவிடுவார்கள்.