பழைய நோக்கியா ஈ71-ல வானிலை பாக்குறது எப்படி (மொரிஷியஸ்ல இருக்கறவங்களுக்கு)

2024 ஜனவரி 15, பெலால் புயல் அன்னிக்கு போர்ட் லூயிஸ்ல வெள்ளம் கார்களை இழுத்துட்டு போன வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. நாங்க காத்ர் போர்ன் பக்கம். கரண்ட் போச்சு, ராத்திரிக்குள்ள வீட்டுல இருந்த ரெண்டு போன்லயும் சார்ஜ் தீந்துடுச்சு. அப்பா அலாரத்துக்காக இன்னும் வெச்சிருக்கற நோக்கியா ஈ71 மட்டும் உயிரோட இருந்துச்சு, அதுல ஹெட்செட் மாட்டி ஆளுக்கு ஒரு காதுல ரேடியோ கேட்டுக்கிட்டே விடிய வெச்சோம். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த போன்ல வானிலையும் தெரியணும்னு. பத்தே நாள்ல, 25ஆம் தேதி காவடி வேற. விரதம் இருந்து கோர் தெ கார்த் மலைக் கோயிலுக்கு வெறுங்கால்ல காவடி தூக்கிட்டு போறவங்களுக்கு தார் ரோடு கொதிக்குமா மழை வருமாங்கறது பெரிய விஷயம், எங்கம்மாவும் அதுல ஒருத்தர்.

மொதல்ல ஒண்ணு. பழைய ஆப்பை தேடி இன்ஸ்டால் பண்றதுல நேரத்த போடாதீங்க. நான் போட்டேன், அதனால சொல்றேன். ஈ71 ஓடறது சிம்பியன் எஸ்60 மூணாவது எடிஷன்ங்கற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துல, அதுல சர்டிஃபிகேட்டோட டிஜிட்டல் கையெழுத்து இல்லாம ஆப் உள்ள போகாது, அந்த சர்டிஃபிகேட் எல்லாம் எப்பவோ காலாவதி. அப்படியும் போட்டுத்தான் பாக்கணும்னா, "சர்டிஃபிகேட் எக்ஸ்பயர்ட்"னு வந்தா போன் தேதிய பின்னோக்கி 2009க்கு மாத்துங்க, ஆப் மேனேஜர் செட்டிங்ஸ்ல சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன "ஆல்"னு மாத்துங்க, ஆன்லைன் சர்டிஃபிகேட் செக்க ஆஃப் பண்ணுங்க, இன்ஸ்டால் முடிஞ்சதும் தேதிய திருப்பி சரி பண்ணிடுங்க. ஆப் அழகா திறக்கும், ஆனா நான் போட்ட மூணு வானிலை ஆப்லயும் சூரியன் படம் வந்துச்சே தவிர ஒரு டிகிரி கூட வரல. எங்கேருந்து தகவல் எடுக்கணுமோ அந்த சர்வர் இப்ப இல்ல. நோக்கியா 2014 ஜனவரியோட சிம்பியனுக்கு புது ஆப், அப்டேட் வாங்குறதையே நிறுத்திட்டாங்க, அதனால இத யாரும் சரி பண்ணப் போறதும் இல்ல.

சரி, ப்ரவுசர்ல நேரா வானிலை தளத்துக்கு போலாமேன்னா அதுவும் நடக்காது. இப்ப கிட்டத்தட்ட எல்லா தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது தகவல பூட்டு போட்டு அனுப்புற முறை, 2008ல வந்த இந்த போனுக்கு தெரிஞ்ச பூட்டு வேற, இன்னிக்கு தளங்க கேக்குற பூட்டு வேற. அதனால நடுவுல ஒரு ஆள் வேணும். வீட்டுல இருக்கற கம்ப்யூட்டர் வானிலைய வாங்கி, பூட்டே இல்லாத சாதா எச்டிடிபி பக்கமா போனுக்கு குடுக்கும்.

படி 1. எப்பவும் ஓடிட்டே இருக்கற ஒரு மெஷின். பழைய லேப்டாப் போதும், நான் ராஸ்பெரி பைங்கற கையளவு கம்ப்யூட்டர் வெச்சிருக்கேன், எனக்கு அதான் பிடிக்கும், கரண்ட் ரொம்ப கம்மியா இழுக்கும். ராஸ்பெரி பையும் ரவுட்டரும் ஒரு சின்ன யூபிஎஸ்ல இருக்கட்டும். புயலுக்குத்தானே இவ்வளவும்.

படி 2. வானிலை தகவல் குடுக்கற ஓப்பன்-மீட்டியோ தளத்துக்கு போங்க. நம்ம சொந்த உபயோகத்துக்கு காசும் வேண்டாம், கணக்கும் திறக்க வேண்டாம். அதோட டாக்ஸ், அதாவது விளக்கப் பக்கத்துல வேண்டியத டிக் பண்ணா யூஆர்எல் தானா தயாராயிடும். நான் டிக் பண்ணது மழை அளவு, வெப்பம், காத்தழுத்தம், அப்புறம் விண்ட் கஸ்ட், அதாவது திடீர்னு வீசுற காத்தோட வேகம். வெறும் விண்ட் ஸ்பீட் மட்டும் எடுத்தா புயல் சமயத்துல பிரயோஜனம் இல்ல, கூரைய தூக்குறது கஸ்ட்தான்.

படி 3. ஊர் எங்க இருக்குன்னு குடுக்கறது. இங்கதான் நான் ரெண்டு நாள் மாட்டிக்கிட்டேன், அதனால மெதுவா படிங்க. போர்ட் லூயிஸ் 20.16 தெற்கு, 57.50 கிழக்கு. நான் 20.16, 57.50ன்னு டைப் பண்ணிட்டேன். தெற்குன்னா முன்னாடி மைனஸ் போடணும்! மைனஸ் இல்லன்னா அது வடக்கு, அந்த இடம் ஓமான், துக்ம் துறைமுகம் பக்கத்துல பாலைவனம். இதுல கொடுமை என்னன்னா ஓமானும் நம்மளும் ஒரே நேரம், ரெண்டு பேருமே ஜிஎம்டிக்கு 4 மணி முன்னாடி, அதனால கடிகாரம் சரியா இருக்கு, வெயில் ஏறி இறங்குற நேரமும் கிட்டத்தட்ட பொருந்துது, சந்தேகமே வரல. வெளிய கொட்டோ கொட்டுன்னு கொட்டுது, திரையில மழை 0.0, நான் என்னமோ ஸ்கிரிப்ட்லதான் தப்புன்னு மூணு தடவ திருப்பி எழுதினேன். கடைசில மேப்ல அந்த எண்ணை போட்டு பாத்தப்பதான் புரிஞ்சுது. நீங்களும் முதல் வேலையா மேப்ல போட்டு பாத்துடுங்க. வாக்வா, கியூர்பிப் ஆளுங்க போர்ட் லூயிஸ் எண்ணை போடாதீங்க, மேட்டுல இருக்கறவங்களுக்கு குளிரும் மழையும் தனி, உங்க ஊர் எண்ணையே போடுங்க.

படி 4. பைத்தான்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அந்த யூஆர்எல்ல இருக்கறத வாங்கி அடுத்த 24 மணி நேரத்துக்கு ஒரு சாதா டேபிளா எச்டிஎம்எல் ஃபைல்ல எழுதணும். சொன்ன நேரத்துக்கு தானா வேலைய ஓட்டற கிரான்ல மணிக்கு ஒரு தடவ ஓட விடுங்க. அந்த ஃபோல்டர பைத்தான் கூடவே வர்ற வெப் சர்வர்ல திறந்து விட்டா முடிஞ்சுது, பெரிய சர்வர் எல்லாம் எதுக்கு. படம், கலர், ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம், ஈ71 திரை 320க்கு 240தான்.

ஆசைப்பட்டு தலைப்பெல்லாம் தமிழ்ல போட்டேன், என் போன்ல தமிழ் எழுத்துரு இல்ல, எல்லாம் கட்டம் கட்டமா வந்துச்சு. மனசே இல்லாம பிரெஞ்சுக்கு மாத்தினேன்.

படி 5. போன்ல வைஃபை போட்டு, ப்ரவுசர்ல ராஸ்பெரி பையோட ஐபி எண், ஒரு கோலன், அந்த வெப் சர்வரோட போர்ட் எண் அடிங்க. பக்கம் வந்ததும் புக்மார்க் பண்ணி ஆக்டிவ் ஸ்டாண்ட்பைல, அதாவது முகப்புத் திரையில, ஷார்ட்கட்டா வெச்சுடுங்க. வானம் கருக்கும்போது ஆப்ஷன்ஸ்ல சேவ் பேஜ் குடுத்துட்டா ரவுட்டர் நின்னாலும் கடைசியா வந்த பக்கம் கையில இருக்கும்.

அப்டேட்: வைஃபை பேரே தெரியலன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தாங்க. இந்த போனுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், ரவுட்டர்ல அத தனிப் பேர்ல பிரிச்சு விடுங்க, வைஃபை பாதுகாப்பு டபிள்யூபிஏ3ல இருந்தா டபிள்யூபிஏ2க்கு இறக்குங்க. இன்னொருத்தருக்கு மழை நேரம் எல்லாம் நாலு மணி தள்ளி வந்துருக்கு. யூஆர்எல்ல டைம்ஸோன் குடுக்கலன்னா அது ஜிஎம்டிலதான் அனுப்பும், மொரிஷியஸ் டைம்ஸோன குடுங்க.

அப்டேட் 2: "கஸ்ட் 90தானே காட்டுது, கிளாஸ் 3 எப்படி குடுத்தாங்க"ன்னு ஒரு கேள்வி. தயவுசெஞ்சு இந்தப் பக்கத்த வெச்சு அப்படி முடிவு பண்ணாதீங்க. இது கம்ப்யூட்டர் மாடல் போடற கணக்கு. கிளாஸ் 1லேருந்து 4 வரைக்கும் வாக்வால இருக்கற வானிலை ஆபீஸ் குடுக்கற புயல் எச்சரிக்கை, அதுல மணிக்கு 120 கிலோமீட்டர் கஸ்ட்தான் அளவுகோல், கிளாஸ் 3ன்னா முடிஞ்ச வரைக்கும் ஆறு மணி நேர பகல் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே சொல்லிடப் பாப்பாங்க, நிஜமாவே அந்த வேகம் பதிவானப்புறம்தான் கிளாஸ் 4. அந்த அறிவிப்புக்கு ரேடியோவ போடுங்க. ஹெட்செட் ஒயர்தான் ஆன்டெனா, அதுவும் 2.5 மில்லிமீட்டர் முனை, இப்ப கடையில கிடைக்கற 3.5 ஹெட்செட் சேராது, ஒரு மாத்து முனை வாங்கி போனோடயே வெச்சிருங்க. சார்ஜும் அந்தப் பழைய மெல்லிசு முனைலதான் ஏறும், யூஎஸ்பி கேபிள்ல ஏறாது. யூஎஸ்பியிலேருந்து அந்த மெல்லிசு முனைக்கு போற கேபிள் ஒண்ணு இருந்தா பவர்பேங்க்லயே ஏத்திக்கலாம், நான் புயல் சீசன் தொடங்கற நவம்பர் பொறக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு வாங்கி அப்பாகிட்ட குடுத்துட்டேன்.