உயில் எழுதும்போது சாட்சியைக் கவனியுங்கள்

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்து யாருக்குப் போக வேண்டும் என்பதைச் சட்டமே முடிவுசெய்யும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவர் ஆண் என்றால் தாய், மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சமபங்கு. இவர்களில் ஒருவர் இருந்தாலே தந்தைக்குப் பங்கில்லை. கணவரை இழந்த, பிள்ளைகள் இல்லாத பெண்ணின் சுயசம்பாத்தியம் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்றவர்கள் அதற்கு அடுத்த வரிசையில்தான். சம்பாதிக்கும் பெண்கள் உயிலைத் தள்ளிப்போடாமல் இருக்க இந்த ஒரு காரணமே போதும். ‘நாமினி போட்டாச்சே’ என்றும் இருந்துவிடாதீர்கள். வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கி வைப்பவர், அவ்வளவே, உரிமை வாரிசுகளுக்கு.

18 வயது நிரம்பி, மனம் தெளிவாக உள்ள எவரும் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, செய்தால் பின்னாளில் ‘இது போலி’ என்பவர்களுக்குப் பதில் சொல்ல உதவும். ஆனால் சாட்சிக் கையெழுத்தில் கோளாறு இருந்தால் பதிவு அதைச் சரிசெய்யாது.

பல உயில்கள் தடுமாறும் இடம் அதுதான். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பிரிவு 63 குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. நீங்கள் கையெழுத்திடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்து’ என்று நீங்களே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பிறகு வீட்டுக்குக் கொடுத்தனுப்பி வாங்கிய கையெழுத்து செல்லாது. இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்றில்லை, இருந்தால் நல்லது. நீதிமன்றத்தில் உயிலை நிரூபிக்க, உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். ஆகவே உங்களைவிட இளையவர்களாக, முகவரி தெரிந்தவர்களாகப் பாருங்கள். சொத்து பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள்: கிறிஸ்தவர், பார்சி உயிலில் அவர் பங்கும், அவரது கணவன் அல்லது மனைவியின் பங்கும் செல்லாமல் போகும். இந்துக்களுக்கு இந்தத் தடை பொருந்தாது என்றாலும், சந்தேகத்தை விலை கொடுத்து வாங்குவானேன்?

முஸ்லிம்களுக்கு விதி வேறு: ஈமச்செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

எழுதும்போது ‘என் வீடு’ என்று விடாமல் பத்திர எண், சர்வே எண், விஸ்தீரணம் எல்லாம் குறிப்பிடுங்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். பெறுபவர் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால் அந்தப் பங்கு யாருக்கு, இதில் குறிப்பிடாத சொத்து யாருக்கு என்ற இரண்டு வரிகளையும் சேர்த்துவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். நிறைவேற்றுபவர் ஒருவரை நியமியுங்கள், அவரே சொத்து பெறுபவராகவும் இருக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, கடைசியில் தேதி.

மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அடித்துத் திருத்தினால் அந்தத் திருத்தத்துக்கும் உங்கள் கையெழுத்தும் சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். புதிதாக எழுதி, ‘முந்தைய உயில்களை ரத்து செய்கிறேன்’ என்று சேர்ப்பதே சுலபம். அசலை உங்கள் பெயரில் மட்டும் உள்ள லாக்கரில் வைக்காதீர்கள். உங்களுக்குப் பின் அதைத் திறக்கவே தனியாக அலைய வேண்டியிருக்கும்.