பனை வைரத்தில் பிடி, பழைய அரத்தில் கத்தி

கத்திப் பிடிக்குத் தேக்கு, ஈட்டி, மாட்டுக்கொம்பு என்று தேடி அலைகிறவர்கள் பலர். ஓட்டு வீட்டின் மோட்டைத் தாங்கி நின்ற பனங்கை அவர்கள் கண்ணில் படுவதில்லை. கறுப்புக் கோடுகள் ஓடும் அந்த வைரத்துக்கு, அதாவது மரத்தின் கெட்டியான பாகத்துக்கு, மெருகேற்றினால் அதன் அழகே தனி. ஆனால் பொல்லாத மரம். நார் ஓடும் திசைக்கு எதிராகக் கை வைத்தால் சிலாம்பாகப் பிய்ந்துவிடும்.

மரம் தேர்வு

இதற்காக மரத்தை வெட்ட வேண்டாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்திருக்கிறது. பழைய வீடு இடிக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள்; பல ஆண்டுகள் கூரைக்குள் கிடந்து காய்ந்த பனங்கை விறகு விலைக்குக் கிடைக்கும்.

வெட்டுமுகத்தைப் பாருங்கள். பனையில் ஆண்டு வளையம் கிடையாது. வெளிர் நிறத்தில் கரும்புள்ளிகள்தாம் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் நெடுக ஓடும் ஒரு நார்க்கற்றை. புள்ளிகள் நெருங்கி, இடையில் நகம் இறங்காமல் இருந்தால் அதுதான் வைரம். புள்ளிகள் விலகி, நகம் பதிந்தால் சோற்றி. எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். ஆணியும் பூச்சித் துளையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

நெருக்கமான பல் கொண்ட ரம்பத்தால், நார் நீளவாக்கில் ஓடும்படி 12 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனத்தில் இரண்டு துண்டுகள் அறுத்துக்கொள்ளுங்கள். அறுக்கும் கோட்டின் மேல் ஒட்டு நாடா சுற்றிவிட்டால் ஓரம் பிய்யாது. முகக்கவசம் கட்டாயம்.

அலகு

பழைய தட்டை அரம் போதும். முழுக்க உயர்கார்பன் எஃகாக இருக்க வேண்டும். மலிவான சில அரங்களில் மேல்தோல் மட்டுமே கடினம். அரத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து, இரவு முழுவதும் ஆறவிடுங்கள். மறுநாள் அறுக்கவும் ராவவும் இளகிக் கொடுக்கும். அலகுப் பகுதியில் அரத்தின் பற்கள் எல்லாம் போகும்வரை தேய்த்துவிடுங்கள். பள்ளம் மிஞ்சினால், காய்ச்சிய அலகை எண்ணெயில் இறக்கிக் கடினமாக்கும் தோய்ச்சலின்போது அங்கிருந்துதான் விரிசல் ஓடும். பிடிக்குள் மறையும் பகுதியில் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கலாம், பசைக்கு நல்லது. ஆணித் துளைகளை இப்போதே போடுங்கள். பிறகு ட்ரில் இறங்காது. வெட்டும் ஓரத்தை இன்னும் கூராக்காமல் 1 மி.மீ. கனம் விட்டுவையுங்கள்.

தோய்ச்சலைத் திறந்த வெளியில் செய்யுங்கள். காந்தம் ஒட்டாத அளவுக்கு அலகு சிவந்ததும், இன்னும் ஒரு சாயல் சூடேற்றி, வெதுவெதுப்பான சமையல் எண்ணெயில் செங்குத்தாக இறக்குங்கள். ஆழமான இரும்புப் பாத்திரமும் மூடியும் வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடிவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. இப்போது அலகு கண்ணாடிபோல் உடையும் நிலையில் இருக்கும். உடனே ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வைத்து எடுங்கள்; ஆறியதும் இன்னொரு முறை. தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள் தெரிந்தால் பதம் சரி. உலை வசதி இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தை மட்டும் கொல்லரிடம் கொடுத்துவிடலாம். அதில் வெட்கமே இல்லை.

பிடி பொருத்துதல்

அலகின் மேல் கனமாக ஒட்டு நாடா சுற்றிக்கொள்ளுங்கள். பனையில் துளையிடும்போது ட்ரில் முனை கெட்டியான நாரில் மோதிப் பக்கத்தில் வழுக்கும். எனவே முதலில் ஊசிமுனையால் குழி குத்தி, அடியில் ஒரு கழிவுப் பலகை வைத்து, மெதுவாக இறக்குங்கள். இரட்டைக் குழாய் எபாக்சி பசையைத் தாராளமாகத் தடவி, 4 மி.மீ. பித்தளைக் கம்பிகளைச் செருகி, கிளாம்ப் போட்டு ஒருநாள் விடுங்கள். தேக்கில் செய்வதுபோல் பித்தளை முனையைச் சுத்தியால் அடித்து விரிக்காதீர்கள். பனை நாரோடு நாராகப் பிளந்துவிடும்.

உருவம் கொடுப்பதுதான் இதில் சுவையான வேலை. தட்டையாக இருந்தவரை நேர்க்கோடாகத் தெரிந்த கறுப்பு நார்கள், விளிம்பை உருட்ட உருட்டச் சாய்வாக அறுபட்டு நெல்மணி வடிவில் நீளும். பிடியின் முனையில் வெறும் புள்ளியாகிவிடும். உப்புத்தாளை நார் ஓடும் திசையில் மட்டும் இழுங்கள். 120-ஆம் எண் முடிந்ததும் நீர்த்த உடனொட்டும் பசையைப் பரப்பெங்கும் தடவுங்கள். முனைப்பகுதி உறிஞ்சிக்கொண்டே போகும், நிற்கும்வரை கொடுங்கள். காய்ந்ததும் 220, 400 எண் தாள்கள். ஒரு துணியை மேலே இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே இன்னும் சிலாம்பு இருக்கிறது.

ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவித் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியில் காயப்போடுங்கள். கடைசியில் நாடாவைப் பிரித்து, நீர்ச்சாணைக் கல்லில் பக்கத்துக்கு 20 டிகிரி அளவில் கூர் வையுங்கள். தக்காளித் தோலில் அழுத்தாமலே இறங்கினால் போதும். பாத்திரத் தொட்டியில் ஊறப்போடாமல், கழுவிய கையோடு துடைத்து வையுங்கள். துருப்பிடிக்கிற எஃகு இது.